பத்தரைக்கு அடித்த மணி

ஆங்கில டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. மணியடித்துச் சோறு போட்டே பழக்கிய நாய்க்கு, பிறகு வெறும் மணிச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறியது என்கிற புகழ்பெற்ற சோதனைதான் பாடம். மூன்று நாளாகத் தொண்டைத் தண்ணீர் வற்ற வாசித்தும் ஏழாம் வகுப்பு பேந்தப் பேந்த விழித்தது.

"செஞ்சே காட்டுறேன், பாருங்க" என்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை மணியை எடுத்து ஆட்டினார்.

நாற்பது டிபன் டப்பாக்கள் திறந்தன. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வராந்தாவில் கண்ணயர்ந்திருந்த பியூன் அந்தச் சத்தத்தில் பதறி எழுந்தார். தூங்கிப்போனது வெளியே தெரியக் கூடாதே என்று பெரிய மணியையும் ஓங்கி அடித்துவிட்டார். பள்ளிக்கூடமே சாப்பிட உட்கார்ந்தது.

சற்று நேரத்தில் தலைமையாசிரியர் தாம்தூமென்று குதித்துக்கொண்டு வந்தார்.

"பத்தரைக்கே யாரு மணி அடிச்சது? பசங்களுக்குத்தான் நேரங்காலம் தெரியாது. உங்களுக்குமா டீச்சர்?"

"பாடம்தான் சார் நடத்தினேன்."

"அப்படி என்ன பாடம்?"

டீச்சர் வாயைத் திறந்தார். தலைமையாசிரியரின் மீசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். வருஷம் முழுக்க வாசிக்கச் சொன்னால் வாயே திறக்காத கடைசி பெஞ்சுக்காரி எழுந்து நின்றாள். புத்தகத்தை விரித்து, அடுத்த வரியைப் பிழையில்லாத ஆங்கிலத்தில் கணீரென்று வாசித்தாள். மணி கேட்டதும் அந்த நாய் நேரம் என்னவென்று பார்க்கவில்லை என்பது அந்த வரி.

தலைமையாசிரியர் மெதுவாக மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பாடம் பரீட்சைக்கு வேண்டாம் டீச்சர்" என்றார்.