மூக்கு வைத்த செடி

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. லிஸ்பனிலிருந்து கொயிம்ப்ரா திரும்பும்போது எதிர் இருக்கையில் ஒரு தம்பதி, பெண்ணின் மடியில் ஒரு செடித்தொட்டி. ஊர் வரும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் கற்பித்தேன், கதையாயிற்று. எழுதுகிறவர்கள் இப்படித்தான் சொல்லிக்கொள்வோம். நம்புவது உங்கள் பாடு.

முதல் தொடக்கம்: 'ஜூன் மாத லிஸ்பனில் வெயில் பொன்னை உருக்கி...' வேண்டாம். வெயில் வெயிலாகத்தான் அடித்தது. எர்மீனியாவுக்குச் செருப்பு கடித்தது.

இரண்டாம் தொடக்கம்: எர்மீனியாவும் அன்செல்முவும் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக இரண்டு நாள் ஊர் சுற்ற வந்திருந்தார்கள். புனித அந்தோனியார் திருவிழா நேரம். கம்பெனி வேலையாக வருடாவருடம் ஜூனில் லிஸ்பன் வருபவன் அன்செல்மு. "கிடங்கு, விட்டா விடுதி. வேற என்னத்தப் பாத்தேன்?" என்பான். இந்த வருடம் அவளையும் கூட்டிவந்தான்.

2

அல்ஃபாமா என்ற பழைய பேட்டையின் படிக்கட்டுச் சந்தில் ஒரு பெண் மஞ்ஜெரிக்கு விற்றுக்கொண்டிருந்தாள்.*

* திருநீற்றுப்பச்சிலைக்குத் தங்கை முறை. பந்துபோல் உருண்டிருக்கும். இந்த விழாவில் காதலன் காதலிக்குக் கொடுப்பது. உள்ளங்கையால் தடவிக் கையைத்தான் முகர வேண்டும். நேராக மூக்கை வைத்தால் செடி வாடிவிடும் என்பார்கள். எர்மீனியாவுக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

"ஏங்க ஐயா! போன வருஷம் வாங்கிட்டுப் போன செடி பொழச்சுதா?"

அன்செல்மு வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்பதுபோல் திரும்பிப் பார்த்தான்.

"உங்களத்தாங்க! மூக்க வைக்க விடாதீங்கன்னு அத்தன வாட்டி சொன்னேனே." பிறகு எர்மீனியாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். "என்னம்மா, வெச்சுட்டீங்களா?"

சந்தில் நாலு பேர் சிரித்தார்கள்.

அப்போது எர்மீனியாவின் முகத்தில்...

(இந்த வரி வரவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடுகிறேன்.)

"ஆமா, மூக்க வெச்சுட்டேன்," என்றாள் எர்மீனியா. "செத்துப்போச்சு."

"நெனச்சேன்! உங்களுக்குப் பொறுமையே இல்லம்மா. ஐயா, இன்னொண்ணு வாங்கிக் குடுங்க, பாவம்."

வாங்கிக் கொடுத்தான். அவள் தொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, எல்லார் முன்னாலும் முகத்தை இலைக்குள் புதைத்தாள். நல்ல மணம். அதுதான் எரிச்சல்.

3

எர்மீனியாமேல் எனக்குச் சந்தேகம். அவன் மானத்தைக் காப்பாற்ற இவளுக்கென்ன தலையெழுத்து? ஒரு வரைவில் தொட்டியை அவன் தலையில் உடைக்க வைத்தேன். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அவள் உடைக்கவில்லை.

அன்செல்முவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். போகிற வருகிற ஆண்களிடமெல்லாம் செடிக்காரி இதையே சொல்லலாம். வியாபார வாய்.

மதியம், ரொட்டிமேல் சுட்ட மத்தி மீன்.

"அவ எல்லாருகிட்டயும் அப்படித்தான் கூவுறா," என்றான்.

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே."

"செருப்பு கடிக்குது."

"சரி சரி. மீன் ஆறுது, சாப்பிடு."

4

மாற்று முடிவுகள்:

அ. கழிப்பறைக்கென்று சொல்லிவிட்டு அவள் சந்துக்குத் திரும்புகிறாள். செடிக்காரி அடுத்த ஆளிடமும் "போன வருஷச் செடி பொழச்சுதா?" என்கிறாள். எர்மீனியா அங்கேயே உட்கார்ந்து அழுகிறாள், நிம்மதியில்.

ஆ. செடிக்காரி அடுத்த ஆளிடம் விலையை மட்டும் சொல்கிறாள்.

நடந்தது: சந்தின் முனைவரை போனாள். யாரோ ஒருவன் செடிக்காரியை நோக்கிப் படியேறிக்கொண்டிருந்தான். செடிக்காரி வாயைத் திறப்பதற்குள் நான் திரும்பி ஓடி

அவள். அவள் ஓடிவந்துவிட்டாள்.

(சரி. ரயிலில் எதிர் இருக்கை காலி. தொட்டி என் மடியில்தான் இருந்தது. பெயர்களை மட்டும் மாற்றினேன்.)

5

தெரிந்துகொண்டால் ஏதாவது செய்தாக வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். இப்போது அவன் தண்ணீர் குடிக்கும் சத்தம்கூட எனக்குப் பிடிக்கவில்லை. அவன்மேல் தப்பே இல்லாவிட்டாலும் பிடிக்கவில்லை.

நான் எழுதும் எதற்கும் முதல் வாசகன் என் கணவன். அவன் எழுதுவதற்காக இங்கே அரைப்பக்கம் காலியாக விட்டு, ஒரு கேள்வியும் எழுதிவைத்தேன்: 'போன வருஷச் செடியை யாருக்குக் கொடுத்தாய்?'

மறுநாள் காலை பக்கங்கள் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தன. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு குறிப்பு: 'நல்லா வந்திருக்கு. அந்தப் புருஷன் பாத்திரம்தான் நம்புறமாதிரி இல்ல.'

அரைப்பக்கம் அப்படியே கிடக்கிறது. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.