வேலிக்குப் பின்னால் இறங்கியவர்

மணல் தள்ளும் வண்டிக்காரரின் மூக்கைக் காற்று அரித்துக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. சாலையில் ஏறிய மணலைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தவர் முகம் கழுவித் துண்டு கேட்டார். துண்டை நீட்டிய மனைவியின் கை அப்படியே நின்றது. "என்னங்க, மூக்கு எங்க?" என்று அலறினாள். அவர் தடவிப் பார்த்து, "காலையில இருந்துச்சே" என்றார்.

காற்றுக்கு முகம் கொடுக்காதீர்கள் என்றார் டாக்டர். வண்டிக்குக் கண்ணாடி இல்லை, வேலையோ காற்றை எதிர்த்து. வருஷம் முடிவதற்குள் கன்னம், தோள், விலா என்று வழவழவெனத் தேய்ந்தார். ஒரு மதியம் வண்டி மட்டும் உறுமிக்கொண்டு நின்றது, இருக்கையில் சட்டை கிடந்தது. மனைவி வந்து அதை மடித்து எடுத்துக்கொண்டாள். அழக்கூடத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் மணலை நிறுத்துவதுதான் அவள் பிழைப்பு. கம்புகளை இடைவெளி விட்டு நட்டு வேலி போடுவாள். அதில் நுழையும் காற்று தளர்ந்து, சுமந்து வந்ததைப் பின்னால் இறக்கிவிட்டுப் போகும். பொடியாகிக் காற்றோடு போன கணவரைப் பிடிக்க அவள் போட்டதோ, ஈ நுழைய இடமில்லாத தகரச் சுவர். காற்று முட்டி எகிறியது, அந்தப் பக்கம் சுழன்று, சேர்ந்திருந்ததையும் தோண்டி எறிந்தது. அவர் கட்டைவிரல் ஒன்று உருண்டு உருண்டு பறந்துபோனதைக் கண்ணால் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் இடைவெளி விடுறவ, என் தம்பிக்கு மட்டும் ஏண்டி அடைச்சே?" என்று கத்தினாள் கணவரின் அக்கா. அவளும் கூடவே வேலி போடுகிறவள்.

"ஒரு பொடிகூடத் தப்பிடக் கூடாதுன்னுதான் அண்ணி."

தகரத்தைப் பிடுங்கிவிட்டு இருவரும் கம்பு நட்டார்கள். கனமானதைத்தான் காற்று முதலில் போடும். குதிகாலும் முழங்காலும் முன்னால் வந்தன, இமைகள் கடைசியில். அடுத்த கோடையில் அவர் இடுப்பைத் தட்டிக்கொண்டு எழுந்து சட்டை கேட்டார். கட்டைவிரல் ஒன்று குறைந்தது, அது தகரத்தின் கைங்கரியம். ஆனால் வலது காது அவருடையது இல்லை. சின்னதாக, தோடு போட்டிருந்தது. ஊரில் யாருக்கும் காது குறையவில்லை.

"இதுல ஒரு பொண்ணு அழற சத்தம் கேக்குதுடி" என்றார்.

அவள் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தக் காதில் வாயை வைத்து, "யாரும்மா நீ? பயப்படாத. மிச்சமும் வரட்டும்" என்றாள். மறுநாள் காலையில் வேலிக்குப் பின்னால் இன்னொரு வரிசை கம்பு நட்டாள். தன் மாற்று உடை ஒன்றை மடித்து அங்கே போட்டு, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.