இரண்டாம் நாள் வாக்குமூலம்

கௌசி கொம்பியூட்டர் படிக்கிறாள் என்றுதான் அவர்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய அஜின்கோர்ட் முழுக்கப் பேச்சு. அது பாதி உண்மை. பல்கலைக்கழகத்தில் முக்கிய பாடத்தோடு மைனர் என்று இன்னொன்றும் எடுக்கலாம். அவள் எடுத்தது ஐரோப்பாவின் மத்தியகாலமும் மறுமலர்ச்சிக் காலமும். இதை வீட்டில் சொல்லவில்லை. செத்துப்போன வெள்ளைக்கார ராசாக்களைப் படித்து எந்தக் கொம்பனியில் வேலை எடுக்கப்போகிறாய் என்று தாய் பாலேஸ்வரி கேட்பாள். கேள்வியிலும் நியாயம் இருந்தபடியால் வாயை மூடிக்கொண்டு இருப்பதே சுகமாகப்பட்டது.

மறுமலர்ச்சி என்றால் ஓவியமும் சிலையும் என்று நம்பிப் போனவளுக்கு இரண்டாம் மாதமே கயிற்றைக் காட்டினார்கள். அது தொண்ணூற்றாறு ஒக்ரோபர். திரையில் ஒரு பழைய படம். கைகளைப் பின்னால் கட்டி, மணிக்கட்டில் கயிறு போட்டு, கப்பியில் ஒருவனைத் தூக்கியிருந்தார்கள். பக்கத்தில் மேசை போட்டு ஒருவன் பேனையும் கையுமாக உட்கார்ந்திருந்தான். சிலவேளை உயரத் தூக்கிவிட்டுத் திடீரென்று பாதிவரைக்கும் விழவிடுவார்களாம், தோள்மூட்டு கழன்றுவிடும். "பிறகு அந்த ஆளால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது" என்று பேராசிரியை வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார்.

கௌசி எழுதுவதை நிறுத்தினாள். அவளுடைய அப்பா இரத்தினவேலுக்கும் கை தோளுக்கு மேலே போகாது. சீப்பால் தலை இழுப்பதற்குக்கூடக் குனிய வேண்டும். எண்பத்தைந்தில் ஊரில் வைத்து ஆமி அவரைப் பிடித்துக்கொண்டு போய் எட்டு நாள் வைத்திருந்தது, துவக்குப் பிடியால் அடித்தது என்பதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. துவக்குப் பிடி இரண்டு தோளையும் இவ்வளவு ஒரே மாதிரி உடைக்காது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பேராசிரியை இன்னொன்றும் சொன்னார். கயிற்றில் தொங்கும்போது ஒத்துக்கொண்டது மட்டும் அந்தக் காலச் சட்டத்துக்குப் போதாது. அடுத்த நாள் கட்டை அவிழ்த்து, கதிரையில் இருத்தி, அதையே சுயவிருப்பத்தோடு திரும்பச் சொல்லவைக்க வேண்டும். மாட்டேன் என்றால் மறுபடியும் கயிறு. அவர்கள் எழுதவேண்டிய கட்டுரையே அதுதான்: இரண்டாம் நாள் வாக்குமூலம் சுயவிருப்பத்தில் சொன்னதா?

ஞாயிறு மத்தியானம் பாலேஸ்வரி சாமான் வாங்கப் போயிருந்தாள். கௌசி குசினி மேசையில் அந்தப் படத்தின் பிரதியை வைத்துக்கொண்டு எழுதினாள். தேத்தண்ணி போட வந்த இரத்தினவேல் படத்தைக் கண்டார்.

"உந்தப் படத்தை ஆர் உனக்குத் தந்தது?"

"யூனிவேர்சிற்றியில, அப்பா. பாடம்."

"பாடமோ?"

அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவளாக, "உங்களுக்கும் இதைத்தானே செய்தவங்கள்?" என்று கேட்டாள்.

அடித்தார். கை உயராத மனிதர்தான், அவள் உட்கார்ந்திருந்தபடியால் கன்னம் எட்டியது. இரண்டாவது அடியில் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. மேசையை முழங்காலால் தள்ளிக் கவிழ்த்தார். கேத்தல் சுவரில் மோதிச் சுடுதண்ணீர் நிலமெல்லாம் ஓடியது. பத்தொன்பது வருசத்தில் மகளை ஒருநாளும் தொட்டு அடித்தவரல்ல. கௌசிக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம் வந்தது.

"கயித்தில என்ன சொல்லியிருந்தாலும் அது உங்கட பிழையில்லை, அப்பா!" என்று இரத்தத்தைத் துப்பிக்கொண்டு கத்தினாள். "ஐந்நூறு வருசத்துக்கு முந்தியே எழுதி வைச்சிருக்கிறாங்கள். ஆரெண்டாலும் சொல்லுவினம்."

இரத்தினவேல் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"கயித்தில சொன்னதை விடு, பிள்ளை. அடுத்த நாள் அவிட்டுவிட்டு, இருத்தி, பிளேன்ரீ தந்து கேட்டவங்கள். ஒருத்தனும் என்னில தொடேல்லை. அப்பவும் சொன்னனான். கடாட்சத்தின்ர பேரையும் சொன்னன், அவன் படுக்கிற வீட்டையும் சொன்னன்."

கடாட்சம் பாலேஸ்வரியின் ஒரே தம்பி, ஆமிக்குத் தப்பி ஒளித்துத் திரிந்தவன். அதே கிழமைக்குள் ஒரு விடியக்காலையில் அந்த வீட்டைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் சந்தியில் கிடந்தான். முகம் இல்லை, உடுத்திருந்த சாரத்தைப் பார்த்துத்தான் பாலேஸ்வரி அடையாளம் சொன்னாள். பதினொரு வருசமாகத் திவசத்துக்குத் திவசம் படையல் வைத்துவிட்டு, "காட்டிக்குடுத்தவன்ர கை அழுகி விழோணும்" என்று மண்ணள்ளிப் போடாத குறையாகத் திட்டுவாள். இரத்தினவேல் பக்கத்தில் நின்று கற்பூரம் கொளுத்துவார்.

பாலேஸ்வரி வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று ஒருவரும் காணவில்லை. கையிலிருந்த பைகளை அவள் போட்டு உடைக்கவில்லை. முட்டை இருந்தது. சுவரோரம் கவனமாக வைத்துவிட்டு வந்து, கணவனின் பின்னால் நின்று, இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பின்பக்கமாக மேலே இழுத்தாள்.

"எவ்வளவு நேரம் தாங்கினனி? சொல்லடா! என்ர தம்பிக்காக எவ்வளவு நேரம் தாங்கினனி?"

அவர் திமிறவே இல்லை. திமிறியிருந்தால் விட்டிருப்பாளோ என்னவோ. மாடு மாதிரி அலறினார். கௌசி தாயின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள், விரல்களைப் பிரித்தாள், கடைசியில் கையைக் கடித்தாள். பாலேஸ்வரி கால் ஒன்றைக் கதிரையில் முண்டுகொடுத்து இன்னும் தூக்கினாள். விறகு முறிகிற சத்தம் ஒன்று கேட்டது. வலது தோள் கழன்று போயிற்று.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தோளைப் பார்த்தார், மகளின் உதட்டைப் பார்த்தார், தாயின் கையிலிருந்த பல்லடையாளத்தையும் பார்த்தார். வலி ஊசி வருவதற்கு முன்னர் ஒரு பொலிஸ்காரி வந்துவிட்டாள். மொழிபெயர்க்கக் கௌசிதான்.

"இதைச் செய்தது யார் என்று கேள்."

"விழுந்தனான் எண்டு சொல்லு."

விழுந்தால் தோள் இப்படிப் பின்பக்கமாக முறுகாது என்றார் டொக்டர். பொலிஸ்காரி குனிந்து, அன்பாகவே சொன்னாள்: "பயப்படாதீர்கள். ஒரு பெயர் சொன்னால் போதும், உங்களுக்கு ஒன்றும் வராது."

கௌசி தமிழில் சொன்னபோது அந்த வேதனையிலும் இரத்தினவேலுக்குச் சிரிப்பு வந்தது. வேர்வையில் தலையணை நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஒருத்தருமில்லை. நான்தான் விழுந்தனான்."

மூன்றாம் தரமும் கேட்டார்கள். மூன்றாம் தரமும் அதையே சொன்னார். ஊசி போட்டும் முழுதாக விறைக்கவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, டொக்டர் கையை இழுத்து மூட்டுக்குள் தள்ளினார். அவர் அலறிய அலறலில் பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தை அழத் தொடங்கியது. பெயர் மட்டும் வரவில்லை.

திரைச்சீலை ஓரம் நின்ற பாலேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிட்ட வந்து, அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இதை நீ அண்டைக்குச் செய்திருந்தா, என்ர தம்பி இருந்திருப்பான்."

அம்மா என்ன சொல்கிறார் என்று பொலிஸ்காரி கேட்டாள். இன்னும் வலிக்கிறதா என்று கேட்கிறார் என்றாள் கௌசி.