ஒரு சாண் குறைந்த வெட்டு

வேலுமணி வெட்டினான். நைலான் வாள் கனகாவின் இடது கன்னத்தை நோக்கி வந்து, ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அவள் இடப்பக்கத்தைத் தடுக்கும் நாலாம் காப்பில் தன் வாளை நிறுத்தி வைத்துக் காத்திருந்தாள். வாளும் வாளும் தொட்டுக்கொள்ளவே இல்லை.

"அண்ணே, அக்கா காப்பே எடுக்காம நின்னிருந்தாக்கூட அது பட்டிருக்காது" என்றாள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பவித்ரா.

"பட்டுட்டா?"

"படட்டும்னுதான முகமூடி மாட்டியிருக்கோம். நீங்க இப்படிப் படாம வெட்ட வெட்ட, அக்கா வராத வெட்டைத் தடுக்கத்தான் பழகுறாங்க. நெசமா ஒண்ணு வந்துச்சுன்னா கை அந்த இடத்துல இருக்காது. வாளைப் பிடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாருங்க, சாம்பார் வாளி தூக்குன மாதிரி!"

அவள் அப்படிச் சொன்னதற்கு அந்த இடமும் ஒரு காரணம். அது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். ஆடி மாதம் முழுக்க விசேஷம் எதுவும் கிடையாது. அதனால் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பாவிடம் கேட்டுச் சாவியை வாங்கியிருந்தாள் பவித்ரா. மேசைகளைச் சுவரோரம் மடக்கி அடுக்கியிருந்தார்கள். எத்தனை முறை கழுவினாலும் போகாத ரச வாசனை தரையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து விளையாட்டாகக் கற்றுக்கொண்டு போவார்கள். மற்ற நாள் சாயங்காலங்களில் கனகாவும் அவள் புருஷன் வேலுமணியும் மட்டும்தான்.

பகலில் பவித்ரா நாகல் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தினாள். கனகா அங்கேதான் வேலை பார்த்தாள். கல்லாவுக்குக் கீழே எப்போதும் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல் கிடக்கும். பனியும் குதிரைகளும் நிறைந்த கதைகள். விடியற்காலையில் தோப்புக்குள் எதிரெதிரே நின்று மானத்துக்காகச் சண்டை போடும் அதிகாரிகள். அந்தப் பைத்தியம் முற்றித்தான் பவித்ரா பெங்களூரில் இருந்தபோது பழைய காலத்து ஐரோப்பியப் பட்டாளத்து வாள்வீச்சைக் கற்றுக்கொண்டாள். வலப்பக்கம் வரும் வெட்டுக்கு மூன்றாம் காப்பு, இடப்பக்கத்துக்கு நாலாம் காப்பு, தலைக்கு ஐந்தாம் காப்பு. காலுக்கு மட்டும் காப்பு கிடையாது. காலைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கனகாவுக்கு மானச் சண்டை எதுவும் இல்லை. சித்தையன்கோட்டைப் பக்கம் தோட்டத்தில் வைத்து அவளுடைய அண்ணன் பிரபுவைப் பங்காளி வீட்டு அண்ணன் தம்பிகள் மூன்று பேர் வெட்டிப் போட்டார்கள். ஒரு வண்டிப்பாதைத் தகராறு. மருந்தடிக்கும் மெஷினை இரவல் வாங்கப் போயிருந்த வேலுமணி மக்காச்சோளத்துக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அவன் ஒருவன்தான் சாட்சி. வழக்கு இப்போதுதான் விசாரணைக்கு வந்திருந்தது. சம்மன் வந்த நாளிலிருந்து, இரண்டு பைக்குகள் வீட்டு வாசலை மெதுவாகக் கடந்து போவதும், தெருமுனையில் திரும்பி மறுபடி வருவதுமாக இருந்தன.

"இந்த வித்தை முன்னால வந்து, வணக்கம் வச்சுட்டு வெட்டுற ஒத்த ஆளுக்குத்தான் சரிப்படும்க்கா" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் பவித்ரா.

"செத்த நேரம் தாங்குனாப் போதும் பவி. ஒரு கம்பை வச்சு நான் தடுத்துக்கிட்டு நின்னா, அதுக்குள்ள ஆளுக ஓடியாந்துரும்ல. அவரு கோர்ட்டுக்குள்ள போயி சொல்லிட்டாருன்னாப் போதும்."

நாளைதான் அவன் போய்ச் சாட்சி சொல்ல வேண்டிய நாள்.

வேலுமணி மறுபடி வெட்டினான். மறுபடியும் ஒரு சாண் குறைந்தது. கனகா முகமூடியைத் தூக்கி நெற்றிக்கு மேல் ஏற்றினாள். கம்பி வலையின் தடம் வியர்வையோடு மூக்கில் பதிந்திருந்தது.

"என்ன மாமா, கையில தெம்பில்லையா? மத்தியானம் சோத்துக்கு வெஞ்சனம் பத்தலையா?"

அவன் சிரிக்கவில்லை. வாளைத் தாழ்த்தினான்.

"நீ ஒழுங்காக் கத்துக்கிட்டா நாளைக்கு நான் போய்த்தான ஆகணும்" என்றான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"இன்னும் பத்தலை, இந்தக் கையி ஒருத்தனையும் நிப்பாட்டாதுன்னு பவித்ரா சொல்லும். நீயே பயந்து, வேணாம் மாமா, போகாதீகன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்."

பவித்ரா திரும்பி நின்று மேசைகளைப் பார்த்தாள். இத்தனை சாயங்காலங்களும் அவன் வாள் தன் முகத்துக்கு முன்னால் தயங்கி நின்றதைப் பிரியம் என்றே கனகா எண்ணியிருந்தாள். வீட்டுக்குப் போய் அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டதும் உண்டு. பிரியமும் அதில் இல்லாமல் போகவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் முகமூடியை இறக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு எப்படி விழுந்துச்சோ, அதே மாதிரி வெட்டு."

"ஏய், பைத்தியமா உனக்கு?"

"யாரு எங்க வெட்டுனாகன்னு சொல்லிச் சொல்லி வெட்டு. எனக்குத் தெரியணும்."

"வேணாம்க்கா" என்றாள் பவித்ரா. அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் வேலுமணி முன்னால் வந்தான்.

"அசோக்குமாரு" என்றான். வலது தோளுக்கு முழு வீச்சாக வந்தது வாள். மூன்றாம் காப்பில் மோதிய அதிர்ச்சி அவள் முழங்கைவரை ஏறியது.

"அவன் தம்பி." தலைக்கு. ஐந்தாம் காப்பு.

"திரும்ப அசோக்கு." இடது பக்கம். நாலாம் காப்பு.

மூன்றும் நின்றன. மூன்றையும் அவள் நிறுத்திவிட்டாள். கூடம் முழுக்க அந்தச் சத்தம் அடங்காமல் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்து கிடத்தியபோது துணி விலகித் தெரிந்த முன்னங்கைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அந்த மூன்று வெட்டும் கையில்தான் இருந்தன. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் எங்கே தூக்க வேண்டுமோ சரியாக அங்கேதான் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கியிருக்கிறான். கையில்தான் ஒன்றும் இல்லை.

"கடைசித் தம்பிக்காரன்" என்றான் வேலுமணி. வாள் தாழ்ந்து காலுக்கு வந்தது. காலைப் பின்னால் இழுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கால் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே பட்டையாக விழுந்த அடியில் அவள் தரையில் மண்டியிட்டாள்.

"அதுக்கப்புறம் மச்சான் எந்திரிக்கலை" என்று சொல்லிவிட்டு அவனும் அங்கேயே உட்கார்ந்தான்.

பவித்ராதான் வந்து இருவர் கையிலிருந்தும் வாள்களை வாங்கினாள். இருவரும் வண்டியில் வீட்டுக்குப் போனார்கள். நாளைக்குச் சாட்சி சொல்வீர்களா என்று அவள் கேட்கவில்லை. மாட்டேன் என்று அவனும் சொல்லவில்லை.

காலையில் அவன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். கோர்ட்டு வாசலில், வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக, கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவன்போல நின்றிருந்தான் அசோக்குமார். ஜாமீனில் இருந்தான்.

"என்னம்மா கனகா, கால் நொண்டுற? பார்த்து நடக்கணும்ல. மாப்ளே, புள்ளையைப் பார்த்துக் கூட்டியாரக் கூடாதா?"

வேலுமணி படியேறினான்.

டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகர் வேலுமணியின் பெயரைக் கூப்பிட்டபோது கனகா கடைசிப் பெஞ்சில் இருந்தாள். சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவன் இன்னும் சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது. என்ன பார்த்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டார். அவன் வாயசைந்தது. "சத்தமாச் சொல்லுங்க" என்றார் நீதிபதி. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்கவில்லை என்று சொல்லப்போகிறான் என்று தெரிந்துபோனதுபோல அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொதல்ல அசோக்குமாருங்கய்யா. வலது தோளுக்கு வீசுனாரு" என்று கேட்டது.

பிறகு தம்பி. பிறகு மறுபடி அசோக்கு. நேற்றுச் சொன்ன அதே வரிசையில், ஒன்றையும் விடாமல் அவன் சொல்லிக்கொண்டே போனான். தட்டச்சுக்காரப் பெண் அடித்துக்கொண்டே இருந்தாள். கனகா கேட்டதெல்லாம் இதைத்தான். இதற்காகத்தான் மணிக்கட்டு வீங்க வீங்க நின்றாள். ஆனால் ஒவ்வொரு பெயராக வெளியே வர வர, அவன் நிறுத்திவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கண்ணைத் திறந்தபோது அந்த மூன்று பேரும் கூண்டில் நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் கோபமே இல்லை. ஓர் ஆளை மனதில் ஏற்றி வைத்துக்கொள்ளும் பார்வை அது.

குறுக்கு விசாரணை மத்தியானத்துக்கு மேல் என்றார்கள். சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. வாசலுக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஜூஸ் கடை ஓரமாகச் சிலர், வேப்பமரத்தடியில் பைக்கின் மேல் சிலர். யார் அவர்கள் ஆள், யார் வேறு வழக்குக்கு வந்தவர் என்று அவளுக்குப் பிரித்துத் தெரியவில்லை. அவன் வலப்பக்கமாக வந்து சேர்ந்துகொண்டாள். மரத்தடியில் ஒருவன் எழுந்து நின்றான். உடனே இடப்பக்கம் மாறினாள். ஜூஸ் கடையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். மறுபடி வலப்பக்கம் வந்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"கனகா, ஏதாவது ஒரு பக்கமா வா" என்றான் வேலுமணி.

அவளால் முடியவில்லை. நொண்டிக்கொண்டே அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.