இடது கன்னம் மட்டும்

இடது கன்னத்தில் மூன்று சொட்டு, வலது கன்னத்தில் வெறும் தண்ணீர். இருபத்தெட்டு நாட்களாக அவள் இதை வீம்பாகச் செய்துவந்தாள். அதிமதுரமும் மஞ்சிட்டியும் சேர்ந்த ஆயுர்வேத சீரம். உறுத்தாமல், மெல்ல மெல்ல முகத்தைப் பளிச்சென்றாக்கும் என்று அட்டைப்பெட்டிக்கு வாசகம்கூட எழுதியாகிவிட்டது. அது உண்மைதானா என்று பார்க்கும் வேலை மட்டும் பாக்கி. ஆய்வகத்தில் கடைசியாகச் சேர்ந்த அவள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பள்ளியில் அவளுக்குப் பெயர் கரிக்கட்டை. எந்தக் குழுப்படத்திலும் கடைசி வரிசை. வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, வெள்ளைக் கோட்டு மாட்டிய நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: அந்தப் 'பளிச்'சைத் தன் கையெழுத்தால் அடித்துத் தூக்கிப் போடவேண்டும். ஆசை கைகூடியும்விட்டது. நேற்று தோலின் நிறம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது இரண்டு கன்னங்களுமே முதல் நாளைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தன, அதுவும் ஒரே அளவில். தடவாத கன்னமும் வெளுத்தால் அதில் சீரத்துக்கு என்ன பங்கு? வெயிலில் அலையாததால் வந்த வெளுப்பு. அப்படியே அறிக்கை எழுதிப் பையில் வைத்துவிட்டாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பிய அம்மா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வந்துருச்சு. நல்லவேளை, நான் பாத்துக்கிட்டேன்."

"என்னத்தப் பாத்துக்கிட்டே?"

"பாதி வெளுத்து பாதி கறுத்து நின்னா, பாக்கிறவன் சிரிக்க மாட்டானாடி? தினம் விடியக்காலைல நீ தூங்கும்போது அந்தப் பக்கமும் தடவி விட்டேன். பாத்திரம் தேய்ச்ச விரலு, சொரசொரன்னு பட்டா முழிச்சுக்குவியேன்னு புறங்கையாலதான்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருண்டது. கத்த வாயெடுத்தாள். அம்மா புறங்கையைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் ஊறி ஊறிச் சிவந்த கையில் அந்த ஓர் இடம் மட்டும் வழவழவென்றிருந்தது.

"படிச்ச பொண்ணப் பெத்தது என் தப்பு," என்று அவள் முகத்தைப் பார்த்து முனகிக்கொண்டு அம்மா செருப்பை மாட்டினாள்.

பேருந்தில் போகும்போது அறிக்கையை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாள். வாயை மூடிக்கொண்டு கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அத்தனை வருட வயிற்றெரிச்சலும் ஒரே பக்கத்தில் தீர்ந்துவிடும்.

முதலாளியம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்தம்மா முகம் மலர்ந்து போனது.

"அப்ப ரெண்டு பக்கமும் வேலை செஞ்சிருக்கு. அதையே எழுதிக் குடு."

"அதுவும் முடியாது மேடம். ஒப்பிட்டுப் பாக்க தடவாத பக்கமே இல்லையே."

"உனக்கு இந்த வேலை வேணுமா வேணாமா?"

"வேணும். அதனாலதான் சொல்றேன். ஒரு மாசம் எதுவும் தடவ மாட்டேன். அப்புறம் மறுபடி இருபத்தெட்டு நாள். பாட்டில் இங்கயே இருக்கட்டும்."

"பெட்டியெல்லாம் அச்சுக்குப் போகணும்மா."

"போகட்டும். 'பளிச்'சுங்கிற அந்த ஒரு சொல் மட்டும் போகக் கூடாது."

அறிக்கையின் குறுக்கே கோடு போட்டு, பையிலிருந்த சீரம் பாட்டிலோடு மேசையில் வைத்துவிட்டு, கைகழுவும் தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்தாள். காலையில் தடவிய மூன்று சொட்டும் போகும்வரை முகத்தை அலம்பினாள். தாடையிலிருந்து தண்ணீர் வெள்ளைக் கோட்டில் சொட்டிக்கொண்டிருக்க, துடைக்காமல் திரும்பி நின்றாள். முதலாளியம்மா சீரம் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.