ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு ஓர் அறிவிப்பு

அக்கார்டியன் வாத்தியம் மூச்சை இழுத்து விரிகிறது, சேத்துப்பட்டு மண்டபத்தில் ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட பாவாடைகளும் எங்கள் ஆட்களின் கட்டம் போட்ட லுங்கிகளும் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கின்றன, எல்லா முகங்களும் மேடையைப் பார்க்கின்றன, மேடையில் நான், கையில் மைக், வாயைத் திறக்க முடியவில்லை, எப்படி இங்கே வந்து நின்றேன் என்று யோசித்தால் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிதான் முதலில் வருகிறது, சாயங்கால வெயில், காயப்போட்ட துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மொய்ரா குடியிருப்புக்காரர்களுக்குக் கை தட்டித் தாளம் சொல்கிறாள், மூன்றாம் மாடி மொய்ரா, ஸ்காட்லாந்துக்காரி, தமிழ் பேசக் கற்றுக்கொண்டு இந்த ஊரிலேயே தங்கிவிட்டவள், இங்கிருக்கும் அவள் நாட்டவர் நடத்தும் சங்கத்துக்குச் செயலாளர், வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் ஊர் ஆட்டத்தை ஆடி, அதில் சேரும் பணத்தைக் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுப்பார்கள், போன வருடம் வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், கிளம்பிவிட்டார்கள், எங்க ஊரு ஆட்டத்தை உக்காந்து பாக்கக் கூடாதுக்கா, கூட ஆடணும், ஆடினாத்தான் அடுத்த வருஷமும் வருவாங்க, இந்தத் தடவையும் அப்படியே ஆச்சுன்னா சங்கத்துல இதை நிறுத்திடுவாங்க, என்று அவள் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போதெல்லாம் தலையை மட்டும்தான் ஆட்டுவேன், எழும்பூர் ஸ்டேஷனில் ரயில்களின் வருகையையும் புறப்பாட்டையும் மைக்கில் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவள், ஓய்வு பெற்ற மறுவருடம் தைராய்டு ஆபரேஷன், விழித்துப் பார்த்தால் தொண்டையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள், கரகரவென்று, பாதி வார்த்தையில் உடையும் குரல், போனை எடுப்பதை விட்டேன், காய்கறிக்காரரிடம் விரலால் காட்டி வாங்கினேன், மொட்டை மாடி ஒத்திகை பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம், அங்கே நான் பேச வேண்டியதில்லை, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து தினமும் பார்த்தேன், வலது கை, இடது கை, பாலம் கட்டு, அடியில் நுழை, கால்கள் தானாகத் தாளம் போடும், வாங்க என்று மொய்ரா கூப்பிட்டால் முட்டி வலி என்று சைகை காட்டுவேன்.

நிகழ்ச்சியன்று காலையில் மொய்ராவின் தொண்டை கட்டிக்கொண்டது, ஒரு மாதமாக மாடியில் கத்தியது அப்படியே திரும்பி வந்துவிட்டது, சாயங்காலம் மண்டபம் நிறைகிறது, அடுத்து என்ன அசைவு என்று ஆடுகிறவர்களுக்கு மைக்கில் சொல்ல ஆள் இல்லை, சொல்லாவிட்டால் புதிதாக வந்தவர்கள் பழையபடி நாற்காலிக்குப் போய்விடுவார்கள், எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் கோதண்டம் கட்டம் போட்ட லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடி வருகிறார், மேடம், நீங்கதானே தினம் பாத்தீங்க, உங்களுக்குத்தான் எல்லாம் வரிசையாத் தெரியும், நான் என் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறேன், இந்தக் குரலை வச்சுக்கிட்டா சார், மொய்ரா என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு காற்றாகச் சொல்கிறாள், உங்களுக்குக் கரகரன்னாச்சும் ஒண்ணு இருக்குக்கா, எனக்கு அதுவும் இல்ல.

சிரித்துவிட்டேன், சிரித்த வேகத்தில் மேடை ஏறியும் விட்டேன், ஏறிய பிறகுதான் பயம், மைக் வாயருகே இருக்கிறது, எங்கிருந்தோ, எத்தனையோ காலைகளில் சொன்ன வாயிலிருந்து, பயணிகளின் கனிவான கவனத்திற்கு, என்று வந்துவிட்டது, உடைந்துதான் வந்தது, மண்டபம் வெடித்துச் சிரித்தது, எனக்கு முகம் சுட்டது, ஆனால் அவர்கள் கை தட்டுகிறார்கள், இன்னும் இன்னும் என்கிறார்கள், சரி, வந்தது வரட்டும் என்று ரயில் அறிவிப்பாகவே தொடர்கிறேன், முதல் வரிசையில் நிற்கும் ஆண்கள் இன்னும் சில நொடிகளில் இரண்டாம் வரிசைக்கு வந்து சேருவார்கள், வலது கையைக் கொடுத்து ஒரு சுற்று, இடது கையைக் கொடுத்து மறு சுற்று, கடைசி ஜோடி பாலத்தின் அடியில் நுழைந்து முன்னே புறப்படத் தயாராக உள்ளது, அக்கார்டியன் வேகம் பிடிக்கிறது, லுங்கியும் பாவாடையும் சுழல்கின்றன, காது கேளாத பிள்ளைகளுடைய பள்ளியின் தலைமை ஆசிரியை செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஆடுகிறார், ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை, குரல் உடைகிறது, உடைந்த இடத்தில் அவர்களே மிச்சத்தைச் சேர்த்துக் கத்துகிறார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு மொய்ரா மேடையேறி மைக்கைப் பிடுங்கிக் கோதண்டத்திடம் கொடுத்தாள், என்னை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள், முட்டி வலிக்கும்டி என்றேன், வலிக்கட்டும் என்று உதட்டை அசைத்தாள், கோதண்டம் வலது என்று சொல்லிவிட்டு இல்ல இல்ல இடது என்றார், மொத்த வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று மோதிச் சிரித்துச் சரிய, யாருக்கும் எதுவும் புரியாத அந்தக் கூச்சலின் நடுவில், மொய்ராவின் இரண்டு கைகளையும் பிடித்துச் சுற்றிக்கொண்டே நான் கத்தினேன், வலது கை, எல்லாரும் வலது கை, மைக் இல்லை, என் தொண்டை மட்டும்தான், மண்டபத்தின் கடைக்கோடியில் நின்றவரின் வலது கை மேலே எழுந்தது.