பதினெட்டுக் கிலோ கல்

லீவில் வந்து இருபது நாளாகியும் ராஜேஷ்குமாருக்குத் தூக்கம் தீரவில்லை. ஊரே விசிறியும் கையுமாகத் திண்டாடுகிற சித்திரை மாசத்தில், ஆனையூர் வீட்டில் மனிதர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பத்து மணி நேரம் தூங்கினார். எழுந்த பிறகும் அலுத்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தார். நார்வே நாட்டில், கடலுக்குள் வலை கட்டி மீன் வளர்க்கிற பண்ணையில் பதினோரு வருஷமாக முக்குளிக்கிற வேலை. வலையின் அடியில் செத்துக் கிடக்கிற மீனைப் பொறுக்க வேண்டும், கிழிந்த வலையைத் தைக்க வேண்டும். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். சொந்தபந்தம் எல்லாருக்கும் அவர் ஃபாரின் மாப்பிள்ளை. அந்த ஃபாரினின் லட்சணம் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கட்டின பெண்டாட்டி ஸ்ரீலட்சுமியே கேட்டதில்லை, ஊரைச் சொல்லி என்ன செய்ய?

லீவுக்குக் கிளம்புகிற சமயத்திலேயே கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. எல்லாருக்கும் புது விங் வாங்குகிறார்களாம். விங் என்பது முதுகில் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டுகிற காற்றுப்பை. சின்னது பதிமூன்று கிலோவைத் தூக்கும், பெரியது இருபத்திரண்டு கிலோவைத் தூக்கும். யாருக்கு எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுத வேண்டும். இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

வீட்டில் இருவரும் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் வேலை சங்கதி என்று வந்துவிட்டால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார்.

"அந்தக் குளிருக்கு உள்ள கம்பளி உடுப்பு, மேல தண்ணி புகாத ரப்பர் சூட்டு. உள்ள நிக்கிற காத்து ஆளை மேல தள்ளும். அத அமுக்கத்தான் இடுப்புல பதினெட்டுக் கிலோ ஈயம். சூட்டு கிழிஞ்சு தண்ணி ஏறிருச்சுன்னு வையி, காத்துப் போயிரும். ஈயம் மட்டும் அப்படியே இருக்கும்."

"அப்புறம் எப்படி மேல வருவீங்க?"

"விங்குதான் தூக்கணும்."

"அப்பப் பெருசு வாங்க வேண்டியதுதான?"

"பெருசு தண்ணிய இழுக்கும், நீந்த விடாது. முதுகு வலி வேற. சிறுசு போதும்னு நெனைக்கிறேன். பாத்துட்டு எழுதுவோம்."

பார்ப்பதற்கென்று கூட வேலை செய்கிற ஒருவனிடம் சின்ன விங் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். அதையும் ஒரு கோணிப்பையையும் எடுத்துக்கொண்டு இருவரும் மேலூர் பஸ் ஏறினார்கள். ஊருக்கு வெளியே, வேலை நின்றுபோன கிரானைட் குவாரி ஒன்றில் பனைமர ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தது. காவலுக்கு இருந்த முத்திருளன் அவருக்குப் பழைய சிநேகிதம்.

"என்னண்ணே, உங்க சௌராஷ்டிர ஆளுக நெசவுப் பட்டு மூட்டையோட வருவாக, நீங்க ரப்பர் மூட்டையோட வந்திருக்கீக" என்று சிரித்தான் முத்திருளன்.

ஈயத்துக்கு எங்கே போவது? கல்லுக்கா அங்கே பஞ்சம்! முத்திருளன் தராசைக் கொண்டுவந்தான். பதினெட்டுக் கிலோ கல்லை நிறுத்துக் கோணிப்பையில் போட்டு, விங்கை ஊதி, அதன் அடியில் பையைக் கட்டினார் ராஜேஷ்குமார். பையின் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையை ஸ்ரீலட்சுமி கையில் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு இறங்கினார்.

விங் முங்கவில்லை. கல் பையைக் கீழே தொங்கவிட்டபடி மெத்தென்று மிதந்தது.

"பாத்தியா? பதினெட்டுக் கிலோவத் தூக்கிருச்சு. எனக்கு அம்புட்டுத்தான் வேணும். சிறுசே போதும்" என்றார். குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை. சீக்கிரம் முடிந்தால் சரி என்பது மாதிரி இருந்தது.

முத்திருளன் தராசை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான். ராஜேஷ்குமார் விங்கை அவிழ்த்துக்கொண்டு கரையேறினார். கல் பை கயிற்றில் தொங்கியது. ஸ்ரீலட்சுமி இழுத்தாள். சரசரவென்று வந்தது. பை தண்ணீர் மட்டத்தைத் தாண்டியதும் தோள்பட்டையே கழன்றுவிடும் போலக் கனத்தது. அவள் கொஞ்சம் கயிற்றை விட்டாள், பை தண்ணீருக்குள் போனதும் கனம் குறைந்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி கனத்தது. தினம் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவளுக்கு இது புதிதா என்ன?

"ஏங்க, கல்லு தண்ணிக்குள்ள இம்புட்டு லேசா இருக்கே. ஈயமும் இப்படித்தானா?"

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"ஈயம் கொஞ்சமாத்தான் குறையும். கல்லு மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிரும்."

"அப்ப இது பதினெட்டுக் கிலோ இல்லல்ல?"

"இல்ல. பதினொண்ணு இருக்கும்."

"ஈயமா இருந்தா?"

"பதினாறுக்கு மேல இருக்கும். விங்கோட சேந்து முங்கிரும்."

ஸ்ரீலட்சுமி பையைப் பாறை மேல் இழுத்துப் போட்டாள். தெரியாமல் செய்தவர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சிரித்திருப்பாள். பதினோரு வருஷம் தண்ணீருக்குள்ளேயே குடித்தனம் நடத்தியவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"சோதிச்சுப் பாத்தேன்னு எழுதணும்ல. பெருசு, சிறுசுன்னு நெனச்சுப் பாக்கவே அலுப்பா இருக்கு லட்சுமி." அவர் பாறையில் உட்கார்ந்தார். "தை மாசம் ஒரு நாள் சூட்டுல தண்ணி ஏறிருச்சு. அடியில கிடந்தேன். பயம் வரணும்ல? வரல. அப்பாடா, கொஞ்ச நேரம் இப்படியே படுத்திருக்கலாம்னு இருந்துச்சு. கூட இருந்தவன் பாத்துத் தூக்கிட்டு வந்தான்."

இருபது நாளாக இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறாள், போர்வையைச் சரிசெய்திருக்கிறாள், மகள் காவ்யஸ்ரீயின் பள்ளிக்கூடக் கதையெல்லாம் ஒப்பித்திருக்கிறாள். இது ஒன்றும் கண்ணில் படவில்லையே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"சிறுசும் வேணாம், பெருசும் வேணாம். வேலைக்கு வரலைன்னு எழுதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"முத வருசத்துலயே சொல்லியிருக்கணும். நீங்க இல்லாம இந்த வீட்டுல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப ஏன் ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்டுல அப்படிச் சிரிச்ச?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"கிளம்புற ஆள அழுதுக்கிட்டே அனுப்பக் கூடாதுல்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு சிரிச்சேன். கார் வீட்டுக்கு வர்ற வரைக்கும் அழுவேன்."

ராஜேஷ்குமார் துண்டை அவளிடம் நீட்டினார்.

"அந்தச் சிரிப்பப் பாத்துட்டுத்தான், நான் போறதுல உனக்குச் சந்தோசம்னு பதினோரு வருசமாப் போனேன்" என்றார்.